கம்யூனிட்டி காலேஜில் முதல் கிராண்ட்: பட்ஜெட்டில் கையைச் சுட்டுக்கொண்டவன் சொல்லும் செய்முறை

அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரின் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடக் கல்லூரியில், எலெக்ட்ரானிக்ஸ் சொல்லித்தருகிறேன். பெரிய பல்கலைக்கழகங்களில் கிராண்ட் வேலைக்கென்றே ஒரு மாடி முழுக்க ஆள் இருப்பார்கள். எங்களிடம் ஒரே ஓர் அம்மா இருந்தார். ஸ்காலர்ஷிப் விண்ணப்பமும் அவரிடம்தான், பழைய மாணவர் விருந்தும் அவரிடம்தான். அதனால் என் முதல் கிராண்டை நானே எழுதினேன், நானே சொதப்பினேன். அதன் பிறகு மூன்று நண்பர்கள் தனித்தனியாகப் போன் செய்து ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதிவிடுகிறேன். ("நல்கை" நல்ல சொல்தான். ஆனால் எங்கள் வராந்தாவில் எல்லாரும் கிராண்ட் என்றுதான் சொல்கிறார்கள்.)

படி 1: எந்தக் கதவைத் தட்டுவது

தொழில்நுட்பப் பாடம் எடுப்பவர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது தேசிய அறிவியல் அறக்கட்டளையின், அதாவது என்.எஸ்.எஃப்.பின், ஏ.டி.இ. (மேம்பட்ட தொழில்நுட்பக் கல்வி) திட்டம். 1992இல் வந்த ஒரு சட்டத்தின் பேரில் தொடங்கியது. டெக்னீஷியன்களை உருவாக்கும் இரண்டு வருடக் கல்லூரிகளை மனதில் வைத்தே செய்தது. அதில் இதுவரை ஏ.டி.இ. பணம் வாங்காத கல்லூரிகளுக்கென்று தனிப் பிரிவு உண்டு. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். கேட்கக்கூடிய தொகையின் உச்சவரம்பு அறிவிப்புக்கு அறிவிப்பு மாறும், நடப்பு அறிவிப்பையே பாருங்கள். கடைசி நாள் வழக்கமாக அக்டோபர் தொடக்கத்தில் விழும்.

மத்திய கல்வித் துறையின் டைட்டில் 3 (கல்லூரிகளை வலுப்படுத்தும் நிதி), டிரியோ (பின்தங்கிய மாணவர்களுக்கான நிதி) எல்லாம் கல்லூரி நிர்வாகம் மொத்தமாகப் போடும் விண்ணப்பங்கள். தொழிற்கல்விக்கான பெர்கின்ஸ் பணம் மாநிலம் வழியாக வரும், டீனைக் கேட்டாலே போதும். தனி ஆசிரியர் அவற்றில் நேரத்தை விட வேண்டாம் என்பது என் கருத்து.

இன்னொன்று. தென் கரோலினாவின் ஃபிளாரன்ஸ்-டார்லிங்டன் டெக்னிக்கல் காலேஜிலிருந்து நடக்கும் மென்டர்-கனெக்ட்டுக்கு விண்ணப்பியுங்கள். ஏற்கெனவே கிராண்ட் வாங்கிய ஒருவரை உங்களுக்கு வழிகாட்டியாகப் போடுவார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. நான் கௌரவம் பார்த்து முதல் தடவை போகவில்லை. வீண் கௌரவம்.

படி 2: சாம் பதிவு உயிரோடு இருக்கிறதா

விண்ணப்பத்தில் ஒரு வரி எழுதுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். மத்திய அரசுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் சாம்.கவ் தளத்தில் பதிந்திருக்க வேண்டும். அங்கே கிடைக்கும் 12 எழுத்து-எண் அடையாளம்தான் யு.இ.ஐ. அதற்கு முன் அடையாளமாகக் கேட்ட டன்ஸ் எண் 2022 ஏப்ரல் 4ஆம் தேதியோடு போய்விட்டது. இன்னும் அதைக் கேட்கும் பழைய படிவம் கையில் இருந்தால் கிழித்துப் போடுங்கள்.

பதிவை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எங்கள் கல்லூரியில் புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் எல்லாம் ஓய்வுபெற்றுப் போன ஒருவரின் மின்னஞ்சலுக்குப் போய்க்கொண்டிருந்தன. பதிவு காலாவதியானதே யாருக்கும் தெரியவில்லை. கடைசி நாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நான் கண்டுபிடித்தேன். புதுப்பிக்கப் போனால் வருமான வரித் துறையில் கல்லூரியின் சட்டப் பெயர் ஒன்று, சாமில் இன்னொன்று. நடுவில் ஒரு "டிஸ்ட்ரிக்ட்" என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்பதே சிக்கல். அதைச் சரிசெய்யப் பதினாறு நாள் ஆனது.

ஆகவே இன்றே கணக்குப் பிரிவுக்குப் போய், "சாம் எப்போது முடிகிறது, நினைவூட்டல் யாருக்குப் போகிறது" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். "உங்கள் பதிவை நாங்கள் புதுப்பித்துத் தருகிறோம், கட்டணம் இவ்வளவு" என்று மெயில் வந்தால் நம்ப வேண்டாம். சாம் பதிவுக்குக் கட்டணமே இல்லை.

படி 3: எழுதுவது

இதைப் பற்றி ஊரெல்லாம் எழுதியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. சுருக்கம் ஒரு பக்கம், திட்ட விவரம் 15 பக்கம். சுருக்கத்தில் அறிவுசார் தகுதி, சமூகப் பயன் இரண்டுக்கும் தனித்தனிப் பகுதி கட்டாயம். தன்விவரத்தைச் சைஎன்சிவி தளத்தில்தான் செய்ய வேண்டும், வேர்டில் செய்ததை ஏற்க மாட்டார்கள்.

வரைவுக்கு கூகுள் டாக்ஸ், இறுதி வடிவத்துக்கு வேர்ட் என்பது என் முறை. டாக்ஸிலிருந்து நேரே பி.டி.எஃப். எடுத்தபோது பக்கம் உடைந்து 15 என்பது 16 ஆனது. பட்ஜெட்டுக்கு எக்செல் மட்டுமே. என் நண்பர் ஒருவர் சொல்லி அழகான ஒரு கிராண்ட் மென்பொருளை முயன்று பார்த்தேன். கூட்டல் எங்கே நடக்கிறது என்றே தெரியவில்லை, மூடிவிட்டேன்.

ஒரு பக்கத்தில் யோசனையை எழுதி என்.எஸ்.எஃப்.பின் திட்ட அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வரும். முதல் தடவை இதைச் செய்யவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அரசாங்க அதிகாரிக்குச் சும்மா எப்படிக் கடிதம் எழுதுவது என்ற நம்ம ஊர்ப் பழக்கம்.

படி 4: பட்ஜெட். இங்கேதான் விழுந்தேன்

மறைமுகச் செலவு என்று ஒன்று உண்டு. மின்சாரம், கட்டடம், கணக்கர் சம்பளம் போல எந்தத் திட்டத்திலும் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாத செலவுகளுக்குக் கல்லூரிக்குக் கிடைக்கும் விகிதம். அரசோடு பேசி முடிவு செய்த விகிதம் கல்லூரிக்கு இருந்தால் அதையே போட வேண்டும். இல்லாவிட்டால் பொது விகிதம். நான் எழுதிய 2022இல் அது 10 சதவீதம்.

நான் என்ன செய்தேன்? மொத்தச் செலவைக் கூட்டினேன், 10 சதவீதம் போட்டேன். முடிந்தது என்று நினைத்தேன். என் பட்ஜெட் ஏறத்தாழ இப்படி இருந்தது: சம்பளம் 60,000 டாலர், அதன் மேல் சலுகைகள் 18,000, பயணம் 6,000, சிறு பொருள்கள் 10,000, ரோபோ கை ஒன்று 40,000, கோடை முகாம் மாணவர்களுக்கு உதவித்தொகை 24,000, வெளி மதிப்பீட்டாளர் 12,000. மொத்தம் 1,70,000. அதில் 10 சதவீதம், 17,000.

தப்பு. விகிதம் மொத்தத்தின் மேல் வராது. சில செலவுகளைக் கழித்த பிறகு வரும் தொகையின் மேல்தான் வரும். பெரிய கருவிகளும் பங்கேற்பாளர் உதவித்தொகையும் அதில் சேரவே சேராது. ஆக 1,70,000இல் ரோபோ கை 40,000ஐயும் முகாம் 24,000ஐயும் எடுத்துவிட வேண்டும். மீதி 1,06,000. அதில் 10 சதவீதம் 10,600. நான் 6,400 டாலர் கூடப் போட்டிருந்தேன். கணக்குப் பிரிவு அம்மா அனுப்புவதற்கு இரண்டு நாள் முன் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எக்செல் கூட்டும், யோசிக்காது" என்றார்.

2024 அக்டோபர் 1 முதல் இரண்டு எண்கள் மாறியிருக்கின்றன. பொது விகிதம் 15 சதவீதம். கருவி என்று கணக்கில் வர, ஒரு பொருளின் விலை 10,000 டாலராவது இருக்க வேண்டும், முன்பு 5,000. உங்கள் கல்லூரி உள்விதியில் இதைவிடக் குறைந்த தொகை இருந்தால் அதுவே செல்லும். அதையும் கேளுங்கள். இதே பட்ஜெட்டை இன்று போட்டால் 15,900 வரும். இதனால் ஒரு விநோதமும் உண்டு. 7,000 டாலர் அலைக்காட்டி முன்பு கருவி, இன்று சிறு பொருள். சிறு பொருளுக்கு மறைமுகச் செலவு உண்டு. பழைய எக்செல் தாளை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

இன்னொரு பொறி: கல்லூரியும் தன் பங்குக்கு இவ்வளவு போடும் என்று ஆர்வத்தில் எழுதிவிடுவது. என்.எஸ்.எஃப். கேட்காமல் தொகையோடு அப்படி எழுதக் கூடாது. வேறு நிதி நிறுவனங்களில் இதுவே கட்டாயமாக இருக்கும், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 5: அனுப்புவது

நீங்கள் அனுப்ப முடியாது. கல்லூரியின் சார்பில் கையெழுத்திட அதிகாரம் பெற்றவர்தான் ரிசர்ச்.கவ் தளத்தில் அழுத்த முடியும். கடைசி நேரம் உங்கள் கல்லூரி இருக்கும் ஊரின் மாலை 5 மணி. அந்த நபர் அன்று விடுப்பில் இல்லை என்பதை ஒரு மாதம் முன்பே உறுதி செய்யுங்கள். கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னதாக அனுப்பிவிடுங்கள். 4:40க்கு அழுத்திய அனுபவம் எனக்கு இருக்கிறது, வேண்டாம்.

படி 6: பணம் வந்த பிறகு

எல்லாரும் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். பணம் உங்களுடையது அல்ல, கல்லூரியுடையது. காசோலை ஒன்று வந்து உங்கள் மேஜையில் உட்காராது. கல்லூரி செலவு செய்யச் செய்ய எடுத்துக்கொள்ளும்.

எனக்கு நடந்தது இதுதான். முகாமுக்குப் பன்னிரண்டு மாணவர்கள், ஆளுக்கு 2,000 டாலர். வந்தது ஒன்பது பேர். 6,000 மிச்சம். ஆய்வகத்துக்கு சென்சார்கள் தேவையாக இருந்தன, டீனும் சரி என்றார், 3,100 டாலருக்கு ஆர்டர் போட்டேன். பங்கேற்பாளர் பணத்தை வேறு செலவுக்கு மாற்ற என்.எஸ்.எஃப்.பின் முன் அனுமதி வேண்டும். டீனின் அனுமதி அதற்குப் போதாது. பொருள் வந்து சேர்ந்துவிட்டது, பெட்டியும் பிரித்தாகிவிட்டது. துறையின் பொதுப் பணத்திலிருந்து கட்டினோம். அந்த வருடம் துறைக்குப் புது புரொஜெக்டர் வாங்கவில்லை. சக ஆசிரியர்கள் இன்றும் நினைவுபடுத்துகிறார்கள்.

செய்ய வேண்டியது: பணம் வந்த முதல் வாரமே கணக்குப் பிரிவில் பங்கேற்பாளர் செலவுக்குத் தனிக் கணக்கு எண் கேட்டு வாங்குங்கள். மாதம் ஒருமுறை அவர்கள் கணக்கையும் உங்கள் எக்செல்லையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

தேதிகள்: வருடாந்தர அறிக்கை நடப்பு பட்ஜெட் காலம் முடிய 90 நாள் முன்பே போக வேண்டும், இறுதி அறிக்கை திட்டம் முடிந்து 120 நாளுக்குள். வேலை முடியவில்லை என்றால் கூடுதல் பணமில்லாமல் பன்னிரண்டு மாதம் வரை ஒருமுறை நீட்டலாம், ஆனால் முடிவுத் தேதிக்குப் பத்து நாள் முன்பாவது தெரிவிக்க வேண்டும். என்.எஸ்.எஃப். விதிக் கையேட்டின் பழைய பதிப்பு கையில் இருந்தால் விட்டுவிட்டு, புதிய பதிப்பிலேயே இவற்றைச் சரிபாருங்கள்.

பின்சேர்க்கை: இந்தப் பதிவைப் படித்த ஒருவர் சாதாரணமாகத் தோன்றும் ஒன்றைக் கேட்டிருந்தார், நானும் அதில் தடுமாறியவன். திட்டக் குழு ஆசிரியர்கள் கூடிப் பேசும்போது கிராண்ட் பணத்தில் பீட்சா வாங்கலாமா? நீங்களே உங்களுக்குள் நடத்தும் கூட்டத்துக்கு முடியாது. காபி கூட முடியாது. முகாம் மாணவர்களின் மதியச் சாப்பாடு பங்கேற்பாளர் செலவில் இருந்தால் வாங்கலாம். நாங்கள் கூட்டத்துக்கு முறை வைத்து வீட்டிலிருந்து கொண்டுவருகிறோம். போன வாரம் என் முறை, எலுமிச்சை சாதம்.