ரங்கூன்ல நம்ம வீட்டு பெரியவங்களுக்கு ஸ்மார்ட்போன் சொல்லிக்குடுக்கறது எப்படி? ஒவ்வொரு படியா

எங்க பெரியம்மாவுக்கு 74 வயசு, ரங்கூன்ல தாம்வேங்கற பகுதில இருக்காங்க. போன் வந்த புதுசுல நான் பண்ண தப்பு என்னன்னா, அவங்க எது கேட்டாலும் போனை கையிலேர்ந்து வாங்கி டக்குடக்குன்னு நானே தட்டி "இந்தாங்க பெரியம்மா, ஆச்சு"ன்னு திருப்பிக் குடுத்துடுவேன். ரெண்டு வாரம் கழிச்சு போனா, போன் அலமாரில பொடவைக்கு அடில கெடக்கு. ஏன்னு கேட்டா "உனக்கு எதுக்கு பாப்பா தொந்தரவு"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல. அதுக்கப்புறம் மொதல்லேர்ந்து வேற மாதிரி ஆரம்பிச்சோம், இப்ப அவங்களே கூப்பிடுறாங்க, அவங்களே பேசி அனுப்புறாங்க. அந்த வரிசைய அப்படியே எழுதுறேன், இதுவரைக்கும் யாருக்கும் சொல்லிக்குடுத்து பழக்கம் இல்லாதவங்களுக்கும் புரியற மாதிரி.

ஒண்ணு மனசுல வச்சுக்குங்க. இங்க பர்மால 2014ல 1,500 கியாட்டுக்கு (கியாட்னா இங்கத்து பணம்) சிம் வர்ற வரைக்கும் ஒரு சிம் லட்சக்கணக்கான கியாட். நம்ம பெரியவங்கள்ல பாதி பேருக்கு வீட்டு போன் இல்ல, பட்டன் போன் இல்ல, கம்ப்யூட்டர் தொட்டதில்ல, அறுவது வயசுக்கு மேல நேரா கண்ணாடி போன்தான் மொத போன். நமக்கு பத்து வருஷமா கொஞ்சம் கொஞ்சமா வந்தது அவங்களுக்கு ஒரே நாள்ல வந்து நிக்குது, அதனால தெரியலன்னா அது அவங்க குத்தம் இல்ல.

படி 1: எதுக்கு போன் வேணும்னு கேளுங்க

நீங்களா முடிவு பண்ணாதீங்க. நான் பெரியம்மாவுக்கு நியூஸ், பாட்டு, கோயில் வீடியோன்னு எல்லாம் போட்டு வச்சேன், அவங்களுக்கு அது ஒண்ணும் வேணாம். அவங்க அக்கா குடும்பம் அறுவதுகள்ல கடைங்கள எல்லாம் சர்க்கார் எடுத்துக்கிட்டப்ப கப்பல் ஏறி மெட்ராஸ் போனவங்க, இப்ப வியாசர்பாடில இருக்காங்க, அந்த அக்கா மொகத்த பாத்து பேசணும், அவ்ளோதான். அந்த ஒண்ண மட்டும் மொதல்ல எடுத்துக்குங்க. அது கைக்கு வந்துட்டா அடுத்தத அவங்களே கேப்பாங்க.

படி 2: போனை தயார் பண்ணுங்க

இத அவங்கள பக்கத்துல வச்சுக்கிட்டே பண்ணுங்க. செட்டிங்ஸ்ல டிஸ்ப்ளே உள்ள போய் எழுத்த பெருசாக்குங்க, ஆனா கடைசி வரைக்கும் இழுத்துடாதீங்க, ரொம்ப பெருசானா சில ஆப்ல பட்டன் ஸ்கிரீனுக்கு வெளிய போயிடும், அப்புறம் "காணோம் காணோம்"னு தேடுவாங்க. ஸ்கிரீன் அணையுற நேரம் 30 செகண்ட்னு இருக்கும், அத 5 நிமிஷம் ஆக்குங்க, யோசிக்கறதுக்குள்ள இருட்டாயிட்டா பயந்துடுறாங்க. அக்சஸிபிலிட்டி உள்ள தொட்டுப் பிடிக்கிற நேரம்னு ஒண்ணு இருக்கும், அத நீளமா வைங்க. பெரியவங்க விரல் மெதுவா எழும்பும், போன் அத அழுத்திப் பிடிச்சதா நெனச்சு வேற எதையாவது தொறந்துடும், ஐகான் எடம் மாறிப் போறதுக்கு பாதி காரணம் இதுதான்.

ரிங்டோன் கீச்சுன்னு இருக்கறத வைக்காதீங்க, வயசானா மொதல்ல கீச்சுன்னு இருக்கற சத்தந்தான் காதுல விழாம போகும். கோயில் பெரிய மணி மாதிரி, மத்தளம் மாதிரி கனமான சத்தம் வைங்க. மொத பக்கத்துல நாலு ஐகான் போதும், மத்தத எல்லாம் எடுத்துடுங்க.

மொழியையும் அவங்களயே கேளுங்க. பெரியம்மா பேசறது தமிழ், ஆனா ஸ்கூல்ல படிச்சது பர்மீஸ், தமிழ் எழுத்து கோயில்ல ராத்திரி வகுப்புல கத்துக்கிட்டது, அதனால படிக்க பர்மீஸ்தான் வேகம். போனை பர்மீஸ்ல வச்சுட்டு கீபோர்டுல மட்டும் தமிழையும் சேத்துட்டேன். பழைய போன்லேர்ந்து வர்ற பர்மீஸ் மெசேஜ் சிலது கோணல் மாணலா தெரிஞ்சா அது ஜாஜிங்கற பழைய பர்மீஸ் எழுத்து முறை, 2019 அக்டோபர்ல யூனிகோடுங்கற பொது முறைக்கு நாடே மாறினப்ப விட்டுப்போனது, அவங்க எதையும் கெடுத்துடலன்னு சொல்லிடுங்க.

படி 3: விரல பழக்குங்க

இதுக்கு முழுசா ரெண்டு மூணு நாள் ஒதுக்குங்க, அவசரமே வேணாம். டச், ஸ்வைப்னு சொன்னா ஒண்ணும் புரியாது, அவங்க கை தெனமும் செய்யற வேலைய சொல்லுங்க. தொடறதுன்னா குங்குமம் வைக்கிற மாதிரி, வச்ச உடனே விரல எடுத்துடணும். தள்றதுன்னா நெத்தில திருநீறு பூசுற மாதிரி ஒரே இழுப்பு. அழுத்திப் பிடிக்கறதுன்னா கைநாட்டு வைக்கிற மாதிரி, சொல்ற வரைக்கும் எடுக்கக்கூடாது. நான் இந்த மூணையும் சொன்ன அன்னிக்கே பெரியம்மா போட்டோவ ஒவ்வொண்ணா தள்ளி பாத்தாங்க, அதுக்கு முன்னாடி ஒரு மாசமா முடியாதது.

எத்தன தடவ தொட்டும் போன் கேக்கலன்னா அவங்கள கோவிச்சுக்காதீங்க. நம்ம உடம்பு மின்சாரத்த கடத்தும், விரல் பட்டா கண்ணாடில இருக்கற மின்னூட்டம் லேசா மாறும், அத வச்சுதான் போன் விரல கண்டுபிடிக்குது, வயசான விரல் காஞ்சு போய், வேலை செஞ்சு காப்பு காச்சு இருக்கும், சரியா பிடிக்காது. லேசா ஈரத்துணில விரல ஒத்திக்கிட்டு, நகம் படாம விரலோட சதையால தொட சொல்லுங்க.

இந்த நாள் பூரா உங்க கைய பின்னாடி கட்டிக்குங்க, நெஜமாவே சொல்றேன். அவங்க தப்பா எங்கயோ போயிட்டாலும் "கீழ அந்த வட்டத்த தொடுங்க பெரியம்மா"ன்னு வாயால மட்டும் சொல்லுங்க. எங்க போனாலும் வீட்டுக்கு, அதாவது போனோட மொத பக்கத்துக்கு, திரும்ப வழி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் பயம் போகும், அந்த வழிய அவங்க விரலே நூறு தடவ போய் பாக்கணும்.

படி 4: கூப்பிடறது, பேசி அனுப்பறது

2021 பிப்ரவரில இங்க பேஸ்புக்க அடைச்சப்ப வாட்ஸ்அப்பும் அதோட போச்சு, ஆனா தமிழ்நாட்டுல எல்லாரும் வாட்ஸ்அப்லதான் இருக்காங்க. அதனால அந்தப் பக்கத்து புள்ளைங்கள வாட்ஸ்அப் மாதிரியே இருக்கற வைபர் ஆப்ப போட சொல்லுங்க, பெரியவங்கள அலைய விடாதீங்க. ஒவ்வொருத்தர் நம்பருக்கும் அவங்க மொகம் பெருசா தெரியற போட்டோ வைங்க, பேர படிக்க வேணாம், மொகத்த தொட்டா போதும். நம்ம நேரம் அவங்க நேரத்த விட ஒரு மணி முன்னாடி, இங்க காலைல 7னா அங்க 6, இதையும் சொல்லி வைங்க.

டைப் பண்ண சொல்லி கஷ்டப்படுத்தாதீங்க. மைக் படத்த கைநாட்டு மாதிரி அழுத்திப் பிடிச்சுக்கிட்டு பேசணும், விட்டா போயிடும். மொத வாரம் எல்லாரும் பேசறதுக்கு முன்னாடியே விட்டுடுவாங்க, பரவால்ல. பெரியம்மா அனுப்புன மொத மெசேஜ் "அக்கா, நான்தான்", அவ்ளோதான். அங்க அந்த அம்மா அத நாள் பூரா போட்டு போட்டு கேட்டாங்களாம்.

படி 5: கரண்டும் பில்லும்

"மீ லாபி"ன்னு (கரண்ட் வந்துடுச்சுன்னு பர்மீஸ்ல) தெருவுல சத்தம் கேட்டதும் மொத வேலை போனை சார்ஜ்ல போடணும்னு பழக்குங்க, கூட ஒரு பவர் பேங்க். பேட்டரி படம் பாதிக்கு கீழ போனா வீடியோ வேணாம், குரல் மட்டும். போன் பில், அதாவது சிம்ல போட்டு வச்ச காசு, தீந்துட்டா போன் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுடுறாங்க, அத முன்னாடியே சொல்லிடுங்க.

படி 6: பணம்

கேபிஇசட்பே, வேவ் மாதிரி போன்லயே பணம் அனுப்புற ஆப் எதுவா இருந்தாலும் இத கடைசிலதான் தொடணும். பெரியம்மா "போனுக்குள்ள இருக்கறது பணமா?"ன்னு கேட்டாங்க, அத சாதாரணமா எடுத்துக்காதீங்க. 1964ல 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு சொன்னப்ப அவங்களுக்கு பதிமூணு வயசு, அவங்கப்பா கடைய சாத்திட்டு உக்காந்திருந்தத பாத்தவங்க. 1987 செப்டம்பர்ல 25, 35, 75 கியாட் போச்சு, பதிலுக்கு ஒண்ணும் தரல. கையில வச்சிருந்த காகிதமே ஒரு தடவைக்கு மேல ஒண்ணுமில்லாம போனத பாத்தவங்களுக்கு கண்ணால பாக்க முடியாத பணத்த நம்ப சொல்றோம், அந்த பயத்துல நியாயம் இருக்கு.

அதனால 1,000 கியாட்ல ஆரம்பிங்க. நீங்க அவங்களுக்கு அனுப்புங்க, அவங்க உங்களுக்கு திருப்பி அனுப்பட்டும், அப்புறம் ஏஜென்ட் கடைக்கு கூட்டிக்கிட்டு போய் அதையே நோட்டா எடுத்து கையில குடுங்க. அந்த நோட்டு கைக்கு வந்ததுக்கு அப்புறந்தான் பெரியம்மா மொகம் தெளிஞ்சுது. மாசத்துக்கு தேவையானத மட்டும் உள்ள வைங்க, மிச்சம் அவங்க வழக்கமா வைக்கிற எடத்துலயே இருக்கட்டும்.

ரெண்டு விஷயத்த அடிக்கடி சொல்லுங்க. போனுக்கு வர்ற ரகசிய நம்பர யார் கேட்டாலும், பேங்க்னு சொன்னாலும், நான்தான்னு சொன்னாலும், குடுக்கக்கூடாது. "உங்க பையன் பேசறேன், புது நம்பர், அவசரமா காசு வேணும்"னு வந்தா உடனே வச்சுட்டு பழைய நம்பருக்கு கூப்பிடணும். இத நான் வாயால சொல்லி நிக்கல, தங்கச்சிய விட்டு வேற நம்பர்லேர்ந்து கூப்பிட வச்சு நாலு தடவ பழகினோம்.

படி 7: நோட்டுப் புத்தகம்

தடிச்ச பேனாவுல, ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை. ஐகான வரைஞ்சு பக்கத்துல அவங்க சொல்ற பேர எழுதுங்க, பெரியம்மாவுக்கு வைபர் "கத்திரிக்கா கலர்", அப்படியேதான் எழுதியிருக்கேன். முடிஞ்சா அவங்க கையெழுத்துலயே எழுத சொல்லுங்க.

கடைசி பக்கத்துல எல்லார் நம்பரும் இருக்கணும். 2025 மார்ச் 28ல மாந்தலே பக்கம் 7.7 அளவுல பூகம்பம் வந்தப்ப எங்க சொந்தக்காரங்களுக்கு ராத்திரி வரைக்கும் லைன் கெடைக்கல, இருந்த ஒரு போன்ல சார்ஜும் இல்ல. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரங்க போன வாங்கி கூப்பிட்டது அங்க இருந்த அத்தைதான், நம்பர் எல்லாம் அவங்க பழைய டைரில இருந்துச்சு. அந்தப் பக்கத்த ரெண்டு காப்பி எடுத்து ஒண்ண சாமி படத்துக்கு பின்னாடி வைங்க, இன்னொண்ணு அவங்க பர்ஸ்ல.