நடு வருஷத்தில் பள்ளி மாறினால் மதியச் சாப்பாட்டு நேரத்தைச் சமாளிப்பது எப்படி

1994 அக்டோபரில், காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, கோவையில் ஒரு பள்ளியின் எட்டாம் வகுப்பில் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். அதுவரை திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம். அப்பாவுக்கு இங்கே மில்லில் வேலை கிடைத்திருந்தது. முதல் நாள் மதியம் பக்கத்தில் இருந்தவளிடம், பேச்சுக் கொடுக்கலாமே என்றுதான், "என்ன வெஞ்சனம் கொண்டாந்திருக்க?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எதுவானாலும் வெஞ்சனம். இங்கே அது பொரியல். பெஞ்சே சிரித்தது. சாயங்காலம் மணி அடிப்பதற்குள் என் பெயர் வெஞ்சனம் ஆகிவிட்டது. பத்தாம் வகுப்பு முடிகிறவரை அதுதான் பெயர்.

உனக்கும் அப்படி ஒரு அக்டோபர் வந்திருந்தால் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார். நாள் முழுக்க வலிக்காது. பாடம் நடக்கும்போது எல்லோரும் போர்டைத்தான் பார்க்கிறார்கள். அங்கே நீ தனியாள் இல்லை. வலிப்பது மதிய இடைவேளை, பி.டி. பீரியடில் டீம் பிரிக்கும் ஐந்து நிமிடம், வீட்டுக்குப் போகும் வழி. இவ்வளவுதான். இதில் பெரியது மதியம். எங்கள் பள்ளியில் நாற்பது நிமிடம்.

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். தின்பண்டம் கொடுத்து ஆள் பிடிக்காதே. தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்தபோது கால் கிலோ அல்வா கொண்டுபோனேன். டப்பா காலியாக நாலு நிமிடம்கூட ஆகவில்லை. மறுநாள் மறுபடியும் தனியாகத்தான் உட்கார்ந்தேன். திருநெல்வேலிக்காரிக்கே அல்வா கொடுத்துவிட்டார்கள்.

முதல் மூன்று நாள் சும்மா கவனி. யார் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள், இதை மட்டும் பார். இரண்டு பேராக இருப்பவர்களிடம் போகாதே, அவர்கள் தங்களுக்குள் இறுக்கமாக இருப்பார்கள். ஏழெட்டுப் பேர் கூட்டத்தில் போனால் இருப்பதே தெரியாது. மூன்று பேர் இருக்கும் இடம் பார். அதில் ஒருத்தி எப்போதும் கொஞ்சம் வெளியே இருப்பாள். மற்ற இரண்டு பேரும் பேசும்போது டப்பாவைக் கிளறிக்கொண்டிருப்பாள். அவள் பக்கத்தில்தான் உனக்கு இடம். மணி அடித்ததும் நேரே போய் உட்கார்ந்துவிடு. டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்று சுற்றுமுற்றும் பார்த்தால் அதுதான் கண்ணில் படும். "இங்க உட்காரலாமா?" என்றும் கேட்காதே, "ஆள் வருது" என்று சொல்ல வாய்ப்புக் கொடுத்ததாகிவிடும். "கொஞ்சம் அக்கட்டால தள்ளிக்கோ" என்று சொல்ல நான் டிசம்பரில்தான் கற்றுக்கொண்டேன். அந்தப் பக்கம் என்பதற்கு இந்த ஊர்ச் சொல். இப்படி நாலு சொல்லைப் பிடித்து வைத்துக்கொள். சொந்த ஊர்ப் பேச்சை விட வேண்டாம், அது வீட்டில் இருக்கட்டும்.

சாப்பிடப் பதினைந்து நிமிடம். மீதி இருபத்தைந்து நிமிடம்தான் ஆளைத் தின்னும். "நீயாப் போய்ப் பேசணும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். பேசத் தெரிந்தால் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கப் போகிறோம்? பேச்சைத் தேடாதே, ஒரு வேலையைத் தேடு. கையில் வேலை இருந்தால் தனியாக நிற்பது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியாது.

எனக்குக் கிடைத்த வேலை ஆபீஸ் ரூம் வாசலில் இருந்த கரும்பலகை. தினம் ஒரு குறள் எழுத வேண்டும். எழுதிக்கொண்டிருந்த அக்கா பத்தாம் வகுப்புப் பரீட்சை என்று விட்டுவிட்டாள், தமிழ் ஐயா ஆள் தேடினார், நான் கையைத் தூக்கினேன். மொத்தம் 1330 குறள், வேலை தீர்ந்துவிடுமே என்ற பயம் இல்லை. முதலில் ஈரத்துணியால் பலகையைத் துடைத்துக் காயவிட வேண்டும். நூலில் சாக்பீஸ் பொடியைத் தேய்த்து, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்துச் சுண்டினால் நேர்கோடு விழும். இன்னொரு முனையைப் பிடிக்க ஆள் இல்லாததால் நான் ஆணியில் கட்டினேன். சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து எழுதினால் எழுதும்போது மங்கலாகத் தெரியும், காய்ந்ததும் பளிச்சென்று வெள்ளையாகிவிடும்.

பக்கத்துப் பலகையில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி செய்தி எழுதுவாள். நாலு நாள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்தாம் நாள், "உன்னுது மட்டும் எப்படி இவ்வளவு வெள்ளையா இருக்கு?" என்று கேட்டாள். தண்ணீர் டம்ளரை நீட்டினேன். அடுத்த வாரம் நூலின் இன்னொரு முனையை அவள் பிடித்தாள். என் வகுப்பிலேயே இல்லாத அவள்தான் எனக்கு முதல் தோழி. நட்பு உன் வகுப்பில்தான் கிடைக்க வேண்டும் என்று விதி இல்லை.

உன் பள்ளியில் பலகை இல்லாவிட்டால் லைப்ரரி அடுக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, லேப் சாமான் கழுவுவது என்று ஏதாவது இருக்கும். ஆசிரியரிடம் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பி.டி. பீரியடுக்குச் சின்ன வழிதான். "ஒண்ணு ரெண்டு சொல்லிப் பிரிங்க சார்" என்று முன்கூட்டியே சாரிடம் சொல்லிவிடு. கேப்டன்கள் ஆள் எடுத்தால்தான் கடைசி ஆள் என்று ஒருத்தர் மிஞ்சுவார். வீட்டுக்குப் போகும் வழிக்கு, பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்.

பட்டப்பெயருக்கு என்னிடம் நல்ல வழி இல்லை. அந்தப் பெயரைச் சொன்னால் திரும்பாதே என்பார்கள், நான் திரும்பினேன். ஒருநாள் தமிழ் ஐயா அகராதியைப் பிரித்து, வெஞ்சனம் பழைய சொல்தான், வியஞ்சனம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று வகுப்பில் படித்துக் காட்டினார். அன்று மட்டும் யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் பழையபடிதான்.

இதுவரை சொன்னது சேர்த்துக்கொள்ளாமல் விடுவதற்கு. துரத்தித் துரத்தி வதைப்பது வேறு. டப்பாவை ஒளிக்கிறார்கள், பையைக் கிழிக்கிறார்கள், அடிக்கிறார்கள் என்றால் உட்காரும் இடத்தை மாற்றி ஆகப்போவது ஒன்றுமில்லை. தேதி போட்டு ஒரு நோட்டில் எழுது, வீட்டில் காட்டு, வகுப்பாசிரியரிடம் கொடு. அங்கே நகராவிட்டால் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, குழந்தைகளுக்கான உதவி எண் 1098. "நீங்க என்ன ஆளுங்க?" என்று சாதி கேட்டு ஒதுக்கினாலும் இதேதான், அது புகார் கொடுக்க வேண்டிய விஷயம், உன் குறை இல்லை. 2023ல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவன் சாதிப் பகையில் வீட்டிலேயே வெட்டப்பட்ட பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்கச் சொல்லி 2024ல் அறிக்கை கொடுத்தது. யார் பக்கத்தில் யார் என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

பெற்றோருக்கு ஒன்று. "ஃப்ரெண்ட்ஸ் கிடைச்சாங்களா?" என்று தினம் கேட்காதீர்கள். பரீட்சை ரிசல்ட் கேட்பது மாதிரி இருக்கும், பிள்ளை பொய்தான் சொல்லும். எங்கள் அம்மா கேட்டதே இல்லை. பையிலிருந்து டப்பாவை எடுத்து, மூடியைத் திறக்காமல் கையில் தூக்கிப் பார்ப்பாள். கனமாக இருந்தால் அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது என்னைப் பக்கத்தில் நிற்க வைத்து வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பாள். கடைசிப் பாத்திரம் வரும்போது நானே சொல்லிவிடுவேன்.