டால்லோ மலைய மேல இருந்து கீழ பாருங்க

சோமாலியாவோட வடக்குல சனாக் பகுதி, அங்க இருக்கிற டால்லோ மலைக்கு போகணும்னா எரிகாவோ டவுன்ல தங்கிக்கோங்க. தனி நாடுன்னு சொல்லிக்கிற சோமாலிலாந்து, சோமாலியாவோட தன்னாட்சிப் பகுதியான பன்ட்லாந்துன்னு ரெண்டு பக்கமும் உரிமை கொண்டாடுற ஏரியா இது, அதனால அன்னைக்கு நிலவரம் கேக்காம, லோக்கல் கைடும் காவலும் இல்லாம தயவுசெஞ்சு கிளம்பாதீங்க. அங்க 'கூ'ன்னு சொல்ற மழைக்காலம் ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும், அது முடியற சமயத்துல எல்லாமே பச்சையா இருக்கும்.

நிறைய பேரு மலை விளிம்புல நின்னு போட்டோ எடுத்துட்டு திரும்பிடுறாங்க, எனக்கு அது பெரிய வருத்தம். ஏன்னா இங்க உயரம் இறங்க இறங்க காடே மாறும். பக்கத்துல இருக்கிற ஷிம்பிரிஸ் சிகரம் 2,400 மீட்டருக்கு மேல, சோமாலியாலயே அதான் உசரம். ஏடன் வளைகுடால இருந்து வர்ற ஈரக்காத்து இந்த மலைச்சுவர்ல மோதி மேல ஏறி மூடுபனியாகுது, அந்த ஈரத்துலதான் ஜூனிபர்ங்கிற ஊசியிலை மரங்களே நிக்குது, கிளையெல்லாம் தாடி மாதிரி பாசி தொங்கும் பாருங்க.

விடியக்காலைல அங்கயே உக்காந்து வார்சங்லி லின்னட் குருவிய தேடுங்க. சாம்பல் முதுகு, வெள்ளை நெத்தி, வாலுக்கு மேல செம்பழுப்பு. உலகத்துலயே இந்த வடக்கு சோமாலியா மலைங்கள்ல மட்டும்தான் இருக்கு.

அப்புறம் தபா கணவாய் ரோட்டுல மைத் கடற்கரை பக்கம் மெதுவா இறங்குங்க, வண்டிய அடிக்கடி நிறுத்துங்க. கல்லுச் சரிவுல பெரிய காதோட சின்னதா ஒரு மான் நின்னா அது பெய்ரா, ரொம்ப கூச்ச சுபாவம், ஒரு கல்லு உருண்டாலே ஓடிடும், அதனால பைனாகுலர்ல தூரத்துல இருந்தே பாருங்க.

இன்னும் கீழ போனா வாசனைப் பிசின் தர்ற குந்திரிக்க மரம். மண்ணே இல்லாத மொட்டைப் பாறைல அடிமரம் உப்பி பாறையோட ஒட்டிக்கிட்டு நிக்கும், பட்டை பேப்பர் மாதிரி உரியும். அறுவடை பண்றவங்க பட்டைய லேசா செதுக்கினா பிசின் பால் மாதிரி கசிஞ்சு, காத்துல காய்ஞ்சு கட்டியாகும், உசத்தியான ரகத்துக்கு அங்க மைதின்னு பேரு. ஆசைக்குக்கூட நீங்க கத்தி வைக்காதீங்க, ஒவ்வொரு மரமும் ஒரு குடும்பத்தோட சொத்து, அளவுக்கு மீறி கீறினா மரமே செத்துடும். வேணும்னா அவங்ககிட்டயே காசு குடுத்து வாங்குங்க, ராத்திரி மலை மேல குளிரும்தான், அதுக்காக ஜூனிபர் விறக எரிக்காம நல்ல ஜாக்கெட்டா எடுத்துட்டு போங்க.