கைவைக்கும் முன் ஏஐ-யிடம் கேட்பது எப்படி

பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு ஒரு மொத்த மளிகைக் கடைக்கும் அதன் நான்கு கிளைகளுக்கும் பில்லிங், ஸ்டாக், ஜிஎஸ்டி, வாட்ஸ்அப் செய்தி என்று எல்லாவற்றையும் நான் ஒருவனே பார்த்துக்கொள்கிறேன். இதில் ஒன்றை மாற்றினால் வேறு எங்கே உடையும் என்று முன்கூட்டியே ஏஐ-யிடம் கேட்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம். ஒருமுறை புது சப்ளையரின் சரக்கைத் தனியாகக் காட்டுவதற்காக, அவருடைய ஐந்து இலக்க ஐட்டம் கோடுக்கு முன்னால் ஒரு 1 சேர்த்தேன். பில்லிங்கில் சோதித்தேன், சரி. ஸ்டாக்கிலும் சரி. நான்கு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை அம்பாசமுத்திரம் கடையிலிருந்து அண்ணாச்சி போன் செய்தார்: "என்னவே தம்பி, பத்து கிலோ அரிசிக்கு மிளகு விலை போட்டிருக்கு? வந்த ஆளு சண்டைக்கு நிக்காரு."

எங்கள் எடை மெஷின் ஒட்டுகிற சீட்டில் உள்ள பார்கோடு 13 இலக்கம். கடைக்குள் மட்டும் புழங்குவது என்பதால் 2-இல் தொடங்கும். முதல் இரண்டு போக அடுத்த ஐந்து ஐட்டம் கோடு, அதற்கடுத்த ஐந்து எடை, கடைசி ஒன்று சரிபார்ப்பதற்கு. ஆறாவது இலக்கத்துக்கு அதில் இடமே கிடையாது. 104512 என்ற அரிசி அங்கே போய் 04512 ஆகிவிட்டது. எங்கள் பழைய பட்டியலில் 04512 மிளகு.

இதில் கூத்து என்னவென்றால், ஏஐ-யிடம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன். நிரல் முழுவதையும் கொடுத்தேன், "பாதிப்பு குறைவு" என்றது. அதைக் குறை சொல்ல முடியாது. எடை மெஷின் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. வாராவாரம் செவ்வாய்க்கிழமை கடைப் பையன் பென்டிரைவில் ஒரு கோப்பைக் கொண்டுபோய் மெஷினில் ஏற்றுகிறான், அது எந்த நிரலிலும் எழுதப்படவில்லை.

ஆகவே ஏஐ-யைத் திறப்பதற்கு முன்னால் கால்வாய் வரைபடம் போடுங்கள். எங்கள் தாமிரபரணியில் சுத்தமல்லி அணைக்கட்டில் ஷட்டரை இறக்கினால் நெல்லைக் கால்வாய் வழியாக நயினார்குளம் வரைக்கும் அது தெரியும், ஆனால் அணைக்கட்டில் நின்று பார்க்கிறவருக்குக் குளம் கண்ணில் படாது. கம்ப்யூட்டரிலும் கடைமடைதான் முதலில் காயும். பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம், ஒரு எக்செல் போதும்: எது அனுப்புகிறது, எது வாங்குகிறது, என்ன போகிறது, எப்படிப் போகிறது, எப்போது போகிறது. ஐந்தே பத்திதான். நிரலில் தேடி எடுக்கக்கூடியதைத் தேடி எடுங்கள், கிரான் பட்டியலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) பாருங்கள், சர்வரில் எந்த எந்த முகவரியோடு இணைப்பு திறந்திருக்கிறது என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள் (ஒரு வாரம் போதாது, மாதக் கடைசியில் மட்டும் ஓடுகிறவை தப்பிவிடும்). அப்புறம் கணினியை மூடிவிட்டு ஒவ்வொரு கிளைக்கும் போய் டீ குடித்துக்கொண்டே "இதிலிருந்து வர்ற தகவலை வேற எதுக்குல்லாம் எடுக்கீங்க?" என்று கேளுங்கள். என் பட்டியலில் பதினோரு வரி அப்படி வந்தவை. ஒரு கிளையில் தினசரி விற்பனை எஸ்எம்எஸ்ஸைப் பார்த்துத்தான் மறுநாள் தேங்காய்க்கு ஆர்டர் கொடுக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கே தெரியும்.

பழுதை எதைக் கொண்டு சரிசெய்வீர்களோ அதுவும் வரைபடத்தில் இருக்கட்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் படுத்ததே, வழக்கமான பராமரிப்பில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கையே இறக்கிவிட்டது. தப்பான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியிலும் பிழை, சரிசெய்வதற்கான உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியே இருந்தன.

இரண்டாவதாகப் பழைய கதை வேண்டும். கிட் (நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் சேர்த்து வைக்கும் கருவி) வரலாற்றில் எந்தக் கோப்பும் எந்தக் கோப்பும் சேர்ந்தே மாறியிருக்கின்றன என்று ஏஐ-யையே ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதச் சொல்லி எண்ணிப் பாருங்கள். ஒன்றையொன்று அழைக்காத இரண்டு கோப்புகள் எட்டுத் தடவை சேர்ந்து மாறியிருந்தால் நடுவில் ஏதோ ஒரு மறைமுகச் சங்கதி இருக்கிறது. கடை வாட்ஸ்அப் குழுவில் வந்த "பில் வரல", "ரேட் தப்பு" செய்திகளையும் தேதியோடு சேருங்கள். வாடிக்கையாளர் போன் நம்பர், பாஸ்வேர்டு, ஜிஎஸ்டி எண் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும், இதில் சோம்பல் கூடாது.

இனிக் கேள்வி. "இதை மாற்றினால் என்ன ஆகும்?" என்று கேட்டால் இருபது வரியில் பஞ்சாங்கம் படிக்கும், எல்லாமே நடக்கக்கூடியதுதான், எதுவுமே உதவாது. நான் கேட்பது இப்படி:

"இணைப்புப் பட்டியலும் மாற்றமும் கீழே. உடையக்கூடிய ஒவ்வொன்றுக்கும், பட்டியலின் எந்த வரி வழியாக அது போய்ச் சேருகிறது என்று வரி எண்ணோடு சொல். முதலில் யார் கண்ணில், என்னவாகத் தெரியும்? ஐந்து நிமிடத்தில் எப்படிச் சோதிப்பது? வரி எண் காட்ட முடியாததை ‘ஊகம்’ என்று தனியாகப் போடு. கடைசியாக, பட்டியலில் இல்லாத, ஆனால் இந்த மாதிரிக் கடையில் இருக்க வாய்ப்புள்ள இணைப்புகளைப் பற்றி என்னிடம் ஐந்து கேள்வி கேள்."

அந்தக் கடைசி வரிதான் சம்பளம் வாங்கித் தருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது (நெய், வெண்ணெய் 12-லிருந்து 5, ஷாம்பு, பற்பசை 18-லிருந்து 5) அது கேட்ட மூன்றாவது கேள்வி: 22-க்கு முன் விற்ற பொருள் பின்னால் திரும்பி வந்தால் உங்கள் ரிட்டர்ன் பில் பழைய பில்லின் வரியை எடுக்குமா, இன்றைய வரியை எடுக்குமா? போய்ப் பார்த்தேன். இன்றைய வரியை எடுத்துக்கொண்டிருந்தது.

நம்புவதற்கு முன் சோதித்தும் பாருங்கள். விளைவு உங்களுக்குத் தெரிந்த பத்துப் பழைய மாற்றங்களை எடுத்து, விளைவை மறைத்து, அதே கேள்வியைக் கேளுங்கள். அந்த மாற்றத்துக்குப் பிறகு எழுதப்பட்டது எதையும் கொடுக்காதீர்கள், வினாத்தாளோடு விடைத்தாளையும் கொடுத்த கதையாகிவிடும். எத்தனையைத் தவறவிட்டது, எத்தனைக்குச் சும்மா பயம் காட்டியது என்று இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். தவறவிடுவதுதான் காசுக்கு அடி, ஆனால் சும்மா பயம் அதிகமானால் மூன்றாவது வாரத்தில் நீங்களே அதைப் படிக்க மாட்டீர்கள். எனக்கு முதல் சுற்றில் பத்துக்கு நாலுதான் பிடித்தது, வரைபடத்தைச் சரிசெய்த பிறகு ஏழு.

மீதி மூன்று? அதற்குத்தான் மாற்றத்தை முதலில் ஒரே ஒரு கிளையில், வேலை நாளில், காலையில் போடுவது. 2024 ஜூலை 19-இல் கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனத்தின் அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்ததற்குக் காரணமும் என் மிளகு மாதிரிதான்: 21 உள்ளீடு எதிர்பார்த்த இடத்துக்கு 20 மட்டும் வந்தது. ஒரு சின்னக் கூட்டத்துக்கு முதலில் அனுப்பிப் பார்த்திருந்தால் அங்கேயே நின்றிருக்கும். எங்களுக்கு முதல் கிளை அம்பாசமுத்திரம். அண்ணாச்சி எதையும் சும்மா விடமாட்டார், பத்து நிமிடத்தில் போன் வந்துவிடும். அவர் என்ன சொன்னார், ஏஐ என்ன சொல்லியிருந்தது என்று பக்கத்தில் பக்கத்தில் அன்றைக்கே எக்செல்லில் ஏற்றிவிடுவேன். பென்டிரைவ் இப்போது அதில் 61-ஆவது வரி.