திருகோணமலையில் தொண்டு செய்ய வருபவர்களுக்கு: கொப்பியை வெளியே எடுக்காதீர்கள்

கனடா, சுவிஸ் என்று வெளிநாடுகளிலிருந்து சில மாதம் தங்க வருபவர்கள், ஊர் முதியவர்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் ஒன்றாக இருத்தி ஏதாவது செய்ய விரும்புகிறார்கள். செய்யத்தான் வேண்டும். பேரப்பிள்ளையைப் போனில் மட்டும் பார்க்கும் அம்மம்மாமார் இங்கே நிறையப் பேர்.

சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலைக்கும் அனுமதியில்லை. அதை முதலில் குடிவரவுத் திணைக்களத்தில் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பிறகு கிராம உத்தியோகத்தர், அவர் மூலம் முதியோர் சங்கத் தலைவர். பிள்ளைகளுக்கு, ஞாயிறு சமய வகுப்பான அறநெறிப் பாடசாலையில் கேளுங்கள்.

எல்லாரும் சறுக்குவது முதல் நாளில். கொப்பியைத் திறந்து பெயர், வயது, அடையாள அட்டை இலக்கம் எழுதத் தொடங்குவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகும் போருக்குப் பிறகும் இங்கே வந்தவர்கள் எல்லாரும் படிவத்தோடுதான் வந்தார்கள். பெயர் எழுதினால் அது ‘பதிவு’. பதிவு என்றால் நிவாரணம். பின்னேரமே அயலவர்கள் அடையாள அட்டைப் பிரதியோடு வந்து நிற்பார்கள். அடுத்த கிழமை “எப்ப தருவீங்க?” என்பார்கள். அதற்கடுத்த கிழமை ஒருவரும் வரமாட்டார்கள். நீங்கள் விமானமேறிவிடுவீர்கள், ஊருக்குப் பதில் சொல்வது சங்கத் தலைவர். அந்த மனிதரை அந்த நிலையில் விட்டுப்போவது பெரிய அநியாயம்.

ஆகவே முதல் மூன்று சந்திப்பில் தாளும் கமராவும் வேண்டாம், உலர் உணவுப் பொதியும் வேண்டாம். “காசோ பொருளோ வராது, பிள்ளைகள் பழக வருகிறார்கள்” என்று தலைவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். வரவு எழுதச் சங்கத்தின் பதிவேடு போதும்.

ஒரு முதியவருக்கு இரண்டு பிள்ளைகள். தனிப்பிள்ளை கூச்சத்தில் வாய் திறக்காது. மூன்று பேரென்றால் தங்களுக்குள் கதைப்பார்கள். சனிக்கிழமை பின்னேரம் 4 மணி, 45 நிமிடம். காலையில் ரியூசன், ஞாயிறு காலையில் அறநெறி வகுப்பு.

முதலில் முதியவர் கற்பிக்கட்டும்: வலை பொத்துவது, பனையோலைப் பெட்டி இழைப்பது. போன் பாடம் பிறகு. தொடக்கத்திலேயே ‘உதவி பெறுபவர்’ ஆக்கினால் அவர் மனம் சுருங்கிவிடும். போனில் எழுத்தைப் பெரிதாக்குங்கள். எண்களுக்குப் படம் சேருங்கள். பிள்ளை போனைப் பிடுங்கக் கூடாது, பெரியவரின் விரலே அழுத்த வேண்டும். காய்ப்பேறிய விரலைத் திரை உணராவிட்டால் ஈரத்துணியில் துடைத்துவிட்டு அழுத்தச் சொல்லுங்கள். வங்கி இரகசிய எண்ணைப் பிள்ளை கேட்கவே கூடாது.

காணாமல் போனவர்களைப் பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். சொல்ல நினைத்தால் அவர்களே சொல்வார்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் எப்படிக் கடந்தார்கள், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணற்றில் எதில் சூடு கூட என்று பிள்ளைகள் கேட்கட்டும். பாதையைக் கண்டிராத பிள்ளை வாயைப் பிளந்து கேட்கும்.

புறப்படும் திகதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் ஊர்ப் பிள்ளை ஒருவரைக் கடைசி நான்கு கிழமையும் கூடவே வைத்திருந்து, பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நீங்கள் போன பிறகும் சனிக்கிழமை நாலு மணிக்கு அம்மம்மா வாசலில் மூன்று கதிரை போட்டு வைத்திருப்பார்.