ஆலங்கட்டி அடித்த கூரையும் ஒரு சாக்பீஸும்

ஆலங்கட்டி மழைக்குப் பிறகு, தார் ஷிங்கிள் (ஓடு மாதிரி அடுக்கும் தார் அட்டை) கூரையிலிருந்து மணல் மாதிரித் துகள்கள் உதிர்ந்து வடிகால் தகரத்தில் குவிந்தன. ஒழுகல் இல்லை. பழுதுபார்ப்பவர்கள் ஆளுக்கொரு செலவு சொன்னார்கள். காப்பீட்டு ஆய்வாளரோ "வெறும் தேய்மானம்" என்று கைவிரித்தார். ஷிங்கிளை விதவிதமாகப் படமெடுத்து அனுப்பினேன். எல்லாமே ஒரே கறுப்பு.

கைகொடுத்தது சாக்பீஸ். கூரைமேல் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக்குழாயின் தகர மூடியில் அதைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். மேடெல்லாம் வெளுக்க, பள்ளங்கள் மட்டும் வட்ட வட்டமாகத் தெரிந்தன. தேய்மானத்தால் தகரம் குழியாகாதே! அளவுகோல் வைத்தெடுத்த படங்களோடு மறு ஆய்வு கேட்டதும் ஒப்புக்கொண்டார்கள். முதலில் தேய்மானம் கழித்த தொகைதான் வந்தது. முழு மாற்றுச் செலவு தரும் பாலிசி என்பதால், வேலை முடிந்த பில்லை அனுப்பியதும் மிச்சமும் வந்தது, நான் ஏற்கவேண்டிய பங்கு போக. அப்பாடா!