வளவு வேலைக்குச் சின்ன ட்ரக்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலைப் பக்கம் நிலாவெளியிலோ உப்புவெளியிலோ இரண்டு மூன்று ஏக்கர் வளவு வைத்திருப்பவர் சின்ன ட்ரக்டர் வாங்கப் போனால் முதலில் கேட்பது, "எத்தனை குதிரைவலு?" என்றுதான். மரக்குற்றி தூக்கி இழுக்கும் வேலைக்கு அதைவிட முக்கியம் ட்ரக்டரின் எடையும் அது தூக்கும் அளவும்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திரியாய், குச்சவெளிப் பக்கமாகக் கரையேறிய புரெவி போல இன்னொரு புயல் வந்து, வளவில் வேம்பு ஒன்று சாய்கிறது என்று வைப்போம். அரை மீற்றர் விட்டம், மூன்று மீற்றர் நீளமுள்ள குற்றி கிட்டத்தட்ட 0.6 கன மீற்றர். பச்சை மரம் தண்ணீரின் எடைக்குக் கிட்ட வரும். ஆக, அந்த ஒரு துண்டே அரை டன்னைத் தொடும். 20 குதிரைவலு ட்ரக்டர்கள் பலவற்றின் சொந்த எடையே ஒரு டன்னுக்குக் குறைவு.

விற்பனைத் தாளில் உள்ள தூக்கும் அளவை அப்படியே நம்புவதும் தவறு. பெரும்பாலும் அது கலப்பை மாட்டும் பின்கைகளின் நுனியில் எடுத்த கணக்கு. சுமை பின்னுக்குப் போகப் போக அளவு இறங்கும். 60 சென்ரிமீற்றர் பின்னால் எவ்வளவு என்று கேளுங்கள். முன்னால் லோடர் (சுமை தூக்கும் கை) இருந்தால், பின்பக்கம் பாரம் கட்டாமல் குற்றியைத் தூக்கவே கூடாது.

உயிரை எடுக்கும் தவறு வேறு. சங்கிலியைப் பின்கைகளுக்கு மேலேயுள்ள கம்பியில் மாட்டி இழுப்பார்கள். குற்றி எங்காவது வேரில் சிக்கினால் முன்சில்லு எழும்பும், ஓரிரு நொடிக்குள் ட்ரக்டர் ஓட்டுபவர் மேலேயே மல்லாந்துவிடும். பின் அச்சுக்குக் கீழே, பெட்டி பூட்டும் இடத்தில்தான் சங்கிலி மாட்ட வேண்டும். கவிழ்ந்தால் காக்கும் இரும்பு வளைவும் இருக்கைப் பட்டியும் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். மாங்கொப்பு இடிக்கிறது என்று அந்த வளைவைக் கழற்றி வைப்பவர்களுக்கு என்ன சொல்வது!

அடிக்கட்டை பிடுங்குவதற்கென்று பெரிய ட்ரக்டர் வாங்குவதும் வீண் செலவு. அதற்கு அரை நாள் பெக்கோ பிடித்தால் போதும்.

கொப்பு அரைக்கும் இயந்திரம் பூட்டும் எண்ணம் இருந்தால் பார்க்க வேண்டியது எஞ்சின் வலுவை அல்ல, பிடிஓ வலுவை, அதாவது பூட்டிய இயந்திரத்தைச் சுழற்றும் தண்டில் கிடைக்கும் வலுவை. அது எப்போதும் குறைவாகவே இருக்கும்.

அப்புறம் டயர். புல்வெளி டயர் தம்பலகாமத்து மாரிக் களியில் சேறு அப்பி வழுக்கும். அங்கே ஆழமான பல் வேண்டும். கரையோர மணலுக்கு அகலமான டயரும் நான்கு சில்லு இழுவையும் நல்லது.

ஜப்பானில் ஓடிய பழைய வண்டிகள் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்நாட்டுச் சந்தைக்கென்று செய்த மாதிரிகளின் இலக்கமே வேறு, உதிரிப்பாகம் தேடுவது சிரமம். மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு முதலில் உதிரிப்பாகக் கடைக்குப் போங்கள். எண்ணெய் வடிகட்டியும் கிளச் தட்டும் கிடைக்குமென்று உறுதியான பிறகு முற்பணம் கொடுங்கள்.